விசில் வாங்கினால் கோச்

எங்கள் பகுதி முச்சந்தியில் ஒரு ஃப்ளெக்ஸ் முளைத்திருக்கிறது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர் கால்பந்துப் போட்டியில் கோப்பை வென்ற பையன்களுக்கு வாழ்த்து. பையன்கள் அடிவரிசையில், பாஸ்போர்ட் சைஸில், காணாமல் போனவர்கள் அறிவிப்பு மாதிரி இருக்கிறார்கள். நடுவில் ஆளுயரத்துக்கும் மேலே நிற்பவர் கோச். கறுப்புக் கண்ணாடி, கட்டிய கை, கழுத்தில் விசில். அவருக்கு வலப்பக்கம் அகாடமி முதலாளி, இடப்பக்கம் வட்டச் செயலாளர். கோல் அடித்த பையன் யாரென்று தேடிப் பார்த்தேன். அவன் முகத்தின் மேல்தான் ஃப்ளெக்ஸை இழுத்துக் கட்டிய கம்பி போகிறது.

நல்ல பயிற்சியாளர் யார் என்று இந்த ஊரைக் கேட்டால் அந்த ஃப்ளெக்ஸைக் கைகாட்டும். கோப்பை வாங்கித் தந்தாரா? தந்தார். அப்புறம் என்ன?

டீக்கடை போட வேண்டுமானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். ஆட்டோ ஓட்ட லைசென்ஸ் வேண்டும். வீட்டில் நாய் வளர்க்கச் சென்னை மாநகராட்சி உரிமம் கேட்கிறது. ஐம்பது பிள்ளைகளை விடிந்தும் விடியாத நேரத்தில், பெற்றவர்கள் கண்ணுக்கு மறைவாக, ஒரு மைதானத்தில் வைத்து ஆட்டிப் படைக்க வேண்டுமா? ஒரு விசில், ஒரு டிராக் சூட், பத்து பிளாஸ்டிக் கூம்பு. கூம்பு இல்லாவிட்டால் பிள்ளைகளின் செருப்பையே வரிசையாக வைத்துக்கொள்ளலாம். எவரும் வந்து ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

படிக்க வழியில்லாமல் இல்லை. பாட்டியாலாவில் 1961இல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனம் ஓராண்டு டிப்ளமா தருகிறது. அவ்வளவு நேரமில்லை என்பவர்களுக்கு ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பும் வைத்திருக்கிறது. கால்பந்துக்குப் படிப்படியாக லைசென்ஸ் உண்டு. ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி நம் நந்தனத்தில்தான் இருக்கிறது; ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920இல் ஆரம்பித்த ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி. நூறு வருஷத்துக்கு மேலாக இந்தப் பட்டணத்தில் பாடமாக நடக்கும் ஒரு விஷயத்தை உங்கள் கோச் படித்திருக்கிறாரா என்று அகாடமி வாசலில் கேட்டுப் பாருங்கள். "சார் ஸ்டேட் பிளேயர் சார்" என்பார்கள். எந்த வருஷம், எந்தப் பிரிவு என்று அடுத்த கேள்வியும் கேட்டுவிட்டால் உங்கள் பிள்ளை மறுநாளிலிருந்து ரிசர்வ் பெஞ்சு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது ஒரு மைதானத்தோரம் போய் நில்லுங்கள். பத்து வயதுப் பையன் ஒருவன் பந்தை வாங்குகிறான். வாங்கியவன் கோலைப் பார்க்கவில்லை. கோட்டுக்கு வெளியே நிற்கும் கோச்சைப் பார்க்கிறான். "பாஸ்! பாஸ் குடுறா டேய்!" கொடுக்கிறான். பந்து எதிரணிக்காரன் காலுக்குப் போகிறது. "கண்ணு அவிஞ்சு போச்சா? சோறுதானே திங்கற?" அடுத்த முறை பந்து அந்தப் பக்கம் வரும்போது பையன் இரண்டு எட்டுப் பின்னால் தள்ளி நிற்கிறான். ஓடுவதுபோல ஓடுகிறான், பந்து இருக்கும் இடத்துக்கு மட்டும் போய்ச் சேர மாட்டேன் என்கிறான். பந்து தன் காலுக்கு வராமல் பார்த்துக்கொள்வதே பத்திரம் என்று அவனுக்கு ஒரே வசவில் புரிந்துவிட்டது. மாதக் கட்டணம் வாங்கும் எந்த நிறுவனமும் இத்தனை வேகத்தில் வேறு எதையும் கற்றுத் தந்ததில்லை.

அந்தக் கோச்சை ஆட்டம் முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். "நான் திட்டவே மாட்டேன் சார், பசங்க கூட ஃப்ரெண்ட்லியா இருப்பேன்" என்பார். பொய் சொல்லவில்லை, மனதார நம்புகிறார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்து உளவியலாளர்கள் ரொனால்ட் ஸ்மித்தும் ஃபிராங்க் ஸ்மோலும் 1970களில் சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்கள் 51 பேரை மைதானத்தோரம் ஆள் வைத்துக் கவனித்தார்கள். ஒவ்வொரு சத்தத்தையும் ஒவ்வொரு தட்டிக்கொடுத்தலையும் குறித்தார்கள். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குறிப்புகள் சேர்ந்தன. பிறகு பயிற்சியாளர்களிடமே நீங்கள் எப்படி நடந்துகொண்டீர்கள் என்று விசாரித்தார்கள். அவர்கள் சொன்னதும் குறிப்பில் இருந்ததும் பெரும்பாலும் ஒட்டவில்லை. பிள்ளைகள் சொன்னதுதான் பெருமளவு ஒத்துப்போனது. கோச் எப்படிப்பட்டவர் என்று தெரிய வேண்டுமானால் பத்து வயதுக்காரனைக் கேட்க வேண்டும். நாம்தான் ஃப்ளெக்ஸைக் கேட்கிறோம்.

தண்டனை முறையைப் பாருங்கள், அறிவு எப்படி வழிகிறது என்று தெரியும். லேட்டாக வந்தாயா, கிரவுண்டை ஐந்து ரவுண்டு ஓடு. கேட்ச் விட்டாயா, பத்து ரவுண்டு. பக்கத்தில் இருப்பவனோடு பேசினாயா, நான் போதும் என்கிற வரைக்கும் ஓடு. பள்ளிக்கூடத்திலும் இதே சட்டம்தான். ஓடுவது தண்டனை என்று ஆறாம் வகுப்பிலிருந்து பாடம் நடத்திவிட்டு, ஒலிம்பிக் வரும்போது மட்டும், நூற்று நாற்பது கோடிப் பேர் இருக்கிற நாட்டில் ஓட ஒருத்தன் கிடைக்கவில்லையா என்று டிவி முன்னால் உட்கார்ந்து ஆதங்கப்படுகிறோம். கிடைத்திருப்பான் ஐயா. பத்தாவது ரவுண்டில் வாந்தி எடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

பெற்றவர்களை விட்டுவிட்டுக் கோச்சை மட்டும் பேசினால், பாவம், அவர் கோபித்துக்கொள்வார். "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை உரிச்சிடுங்க சார்" என்று ஒப்படைத்துவிட்டுப் போகிற அப்பன்கள் இருக்கிற வரைக்கும் பிரம்புக்குப் பஞ்சமில்லை. அடியாத மாடு படியாது என்று மேற்கோள் வேறு. மாட்டைப் படிய வைத்து ஏரில் பூட்டலாம். எதிராளியின் கண்ணைப் பார்த்துச் சட்டென்று முடிவெடுக்க வேண்டிய ஒரு விளையாட்டில் படிந்த மாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வதாக உத்தேசம்? இவர்களே மைதானத்தின் மறுபக்கம் நின்று செல்போனில் வீடியோ எடுப்பார்கள். வீட்டுக்குப் போகிற வழியில், வண்டியின் பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு ஹெல்மெட்டுக்குள்ளிருந்தே மறு ஒளிபரப்பு நடக்கும். "அந்த பால் ஏன்டா விட்ட?"

இத்தனை அவசரம் எதற்கு? சர்டிபிகேட்டுக்கு. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடம், அரசு வேலையில் 3 சதவீதம். நியாயமான ஏற்பாடுகள்தான், வியர்வை சிந்தியவனுக்கு ஒரு கதவு திறந்திருக்க வேண்டும். அந்தக் கதவுக்கு முன்னால் கடை போட்டு உட்கார்ந்தவர்களைப் பற்றித்தான் பேச்சு. சர்டிபிகேட் ஃபார்ம் ஒன்றா, ஃபார்ம் இரண்டா, எதற்கு எத்தனை மார்க் என்று பந்தின் சுற்றளவு தெரியாத கோச்சுக்குக்கூட மனப்பாடம். எவரும் ஆடாத விளையாட்டாகப் பார்த்து, நாலே அணி வருகிற போட்டியாகப் பார்த்து, தோற்றாலும் மூன்றாமிடம் நிச்சயம் என்கிற பிரிவில் பிள்ளையைக் கொண்டுபோய்ச் செருகத் தெரிந்தவர்தான் இப்போது ராசியான கோச்.

அதற்கும் வசப்படாவிட்டால் வயதைக் குறைத்துவிட வேண்டியது. பதினாறு வயது மீசையைச் சிரைத்துவிட்டு பதினான்குக்கு உட்பட்டோர் அணியில் நிறுத்துகிறார்கள். இந்தத் திருட்டு எவ்வளவு பரவிக் கிடக்கிறது என்றால், கிரிக்கெட் வாரியமும் கால்பந்துச் சம்மேளனமும் பிறப்புச் சான்றிதழை நம்புவதை விட்டுவிட்டு, பிள்ளைகளின் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் முதிர்ச்சியைப் பார்த்து வயதைக் கணிக்கின்றன. தாசில்தார் கையெழுத்தைவிட மணிக்கட்டு எலும்பு யோக்கியமாக இருக்கிறது. 2015இல் பட்டோடி நினைவு உரை ஆற்ற வந்த ராகுல் திராவிட் இந்த வயது மோசடியைத்தான் எடுத்துப் பேசினார். பொய்யான தேதியை எழுதிக் கொடுக்கும் பெற்றோரும் கோச்சும் அந்தப் பிள்ளைக்கு முதன்முதலில் கற்றுத் தருவது ஏமாற்றுவதை என்பது அவருடைய வருத்தம். நம்மவர்கள் கைதட்டிவிட்டு, அடுத்த செலக்‌ஷனுக்கு ஆதார் அட்டையில் பிறந்த தேதி மாற்றப் போனார்கள்.

வயதும் கைகொடுக்காவிட்டால் ஊசி. 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டி, ஜவாஹர்லால் நேரு அரங்கம். ஊக்கமருந்துத் தடுப்பு அதிகாரிகள் வந்துவிட்டார்கள் என்ற சேதி பரவியது. ஆண்கள் 100 மீட்டர் இறுதிப் போட்டிக்குக் கோட்டில் வந்து நின்றவர் ஒரே ஒருவர். மற்றவர்களுக்கெல்லாம் அந்நேரம் பார்த்துத் தசைப்பிடிப்பு. ஸ்டீபிள்சேஸ் ஓடிய ஒரு ஜூனியர் பெண் எல்லைக்கோட்டைக் கடந்த பிறகும் நிற்கவில்லையாம். மாதிரி எடுக்க வந்த அதிகாரி பின்னாலேயே துரத்திக்கொண்டு ஓடினார் என்று பத்திரிகைகள் எழுதின. சிரிப்பு வருகிறது, சிரித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் பெண்ணின் வயதை நினைத்துப் பாருங்கள். மருந்துக் கடைக்கு அவளாகவா போனாள்? எந்த ஊசி, எத்தனை மில்லி, எத்தனை நாளில் உடம்பை விட்டுப் போகும் என்பதெல்லாம் அவளாகவா கணக்குப் போட்டாள்? அன்றைக்கு அந்த அரங்கத்தில் ஓடியிருக்க வேண்டியவர்கள் கேலரியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

மருந்தே வேண்டாம், வெறும் ஆசையே பிள்ளையின் உடம்பை ஒடிக்கப் போதும். வளர்கிற வயதில் வேகப்பந்து வீசும் பையனுக்கு முதுகெலும்பின் அடிப்பகுதியில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் வருவது அபூர்வமில்லை. எலும்பு இன்னும் கெட்டிப்படாத இடத்தில் ஒரே திருகல் மறுபடி மறுபடி விழுந்து, கீறலாகி, விரிசலாகிறது. இதனால்தான் இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் 13 வயது வரையுள்ள வேகப்பந்து வீச்சாளனுக்கு ஒரு ஸ்பெல்லுக்கு 5 ஓவர், ஒரு நாளைக்கு 10 ஓவர் என்று வரம்பு வைத்தது. நம் நெட்ஸில் ஓவர் எண்ணுகிற வழக்கம் கிடையாது. பையன் நன்றாகப் போடுகிறானா, போட்டுக்கொண்டே இருக்கட்டும். காலையில் அகாடமி, பகலில் பள்ளி அணி, சாயங்காலம் அப்பா பக்கத்துத் தெருவில் பிடித்துக் கொடுத்த பர்சனல் கோச்சிங். முதுகு வலிக்கிறது என்றால் "வலி இல்லாம வளர்ச்சி இல்ல தம்பி" என்று தத்துவம். பதினேழு வயதில் அவன் பெல்ட் கட்டிக்கொண்டு பிசியோதெரபி வரிசையில் நிற்கும்போது அந்தத் தத்துவ ஞானி அடுத்த பேட்ச்சில் வேறு ஒரு முதுகைக் கண்டெடுத்திருப்பார்.

கோபத்தை அடக்க முடியாத இடம் ஒன்று இருக்கிறது. 2021 மே மாதம், சென்னையில் பல ஆண்டுகளாகத் தடகளம் கற்றுக்கொடுத்து வந்த ஒருவர், தன்னிடம் பயின்ற பெண் தந்த புகாரில் போக்சோ சட்டத்தின் கீழ் கைதானார். வழக்கின் தீர்ப்பை நான் எழுதவில்லை, அது நீதிமன்றத்தின் வேலை. அந்தச் செய்தி வந்த வாரத்தில் ஊரே அதிர்ந்ததையும், அதற்கடுத்த மாதங்களில் ஊரே மறந்ததையும் மட்டும் எழுதுகிறேன். பிள்ளைகளைப் பொறுப்பில் வைத்திருப்பவரே அத்துமீறினால் குற்றம் கடுமையானது என்று 2012ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. சட்டம் சொல்லிவிட்டது. மைதானத்தில்? மசாஜ் யார் செய்கிறார்கள், வெளியூர்ப் போட்டிக்குப் போனால் பெண் பிள்ளைகள் எந்த அறையில் தங்குகிறார்கள், கூட ஒரு பெண் பொறுப்பாளர் போகிறாரா, புகார் என்றால் யாரிடம் போக வேண்டும் என்று கேட்கிற பெற்றோருக்கு "நம்பிக்கை இல்லன்னா கூட்டிட்டுப் போயிடுங்க" என்று பதில் கிடைக்கும். அந்தப் பதிலைக் கேட்ட அன்றே கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். பெரும்பாலோர் போவதில்லை, செலக்‌ஷன் பக்கத்தில் இருக்கிறது.

இனி நிஜமான கோச்சுகளுக்கு நாம் செய்த மரியாதைக்கு வருவோம். அரசுப் பள்ளியில் பி.டி. சார் என்று ஒருவர் இருப்பார், இருந்தால். காலை பிரேயரில் வரிசையை நேராக்குவது, சுதந்திர தினத்துக்குக் கொடிக்கயிற்றைச் சரிபார்ப்பது, ஹேர்கட் சரியில்லாதவனைப் பிடிப்பது, தேர்தல் வந்தால் பூத்தில் உட்காருவது எல்லாம் அவர் தலையில். அவருடைய பீரியடை மாத்திரம் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார், திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை. 2012இல் 16 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பகுதி நேர ஆசிரியர்களாக எடுத்தார்கள். ஓவியம், தையல் சொல்லித்தருகிறவர்களோடு உடற்கல்விக்காரர்களும் அதில் சேர்த்தி. அப்போது மாதச் சம்பளம் 5,000 ரூபாய். பள்ளி விடுமுறை என்பதால் மே மாதம் அதுவும் கிடையாது என்று பல வருஷம் நடத்தினார்கள். அதே மே மாதம்தான் தனியார் அகாடமிகளின் அறுவடைக் காலம். சம்மர் கேம்ப், இருபத்தோரு நாள், டி-ஷர்ட்டும் சர்டிபிகேட்டும் இலவசம். முறையாகப் படித்தவர் வீட்டில் உலை காய்கிற மாதத்தில் விசில் வாங்கியவர் வீட்டுக்குப் புது ஏசி வருகிறது.

மேலிடம் எப்படி? 2023 ஜூனில் தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகள் நடந்தபோது தமிழ்நாட்டுப் பிள்ளைகள் போகவே இல்லை. தோற்று வரவில்லை, போகவே இல்லை. அழைப்புக் கடிதம் வந்தது. அது நகர வேண்டிய மேசைக்கு நகரவில்லை. தகவல் தொடர்பில் ஏற்பட்ட இடைவெளி என்று விளக்கம் சொன்னார்கள். வருஷம் முழுக்க நாலரை மணிக்கு எழுந்து ஓடிய பிளஸ் டூ மாணவனுக்கு அந்த இடைவெளியை எந்த ஃபார்மில் நிரப்பிக் கொடுப்பது?

இத்தனைக்கும் நடுவே, எப்படியோ, நல்லவர்கள் தப்பிப் பிழைக்கிறார்கள். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் ஐந்து வயதில் பஸ் ஏறிக் கால் நசுங்கிய பையன் ஒருவன் பள்ளியில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தான். அவன் எம்பும் விதத்தை அந்தப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர் கவனித்து, நீ உயரம் தாண்டிப் பாரேன் என்றார். பதினான்கு வயதில், இரண்டு காலும் நன்றாக இருக்கிற பையன்களோடு போட்டியிட்டு இரண்டாமிடம் வந்தான். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கிய மாரியப்பன் தங்கவேலு அவன்தான். அந்த ஆசிரியர் செய்தது ஒன்றே ஒன்று: பையனைப் பார்த்தார். நசுங்கிய காலோடு அதே பையன் இன்றைக்கு நம் முச்சந்தி அகாடமி ட்ரயல்ஸுக்குப் போனால் கேட்டிலேயே, "தம்பி, நீ செஸ் ட்ரை பண்ணு" என்று அனுப்பிவைப்பார்கள்.

பயிற்சியாளர்களுக்கு நாட்டின் உயர்ந்த விருதுக்கு 1985இல் துரோணாச்சாரியார் பெயரை வைத்தோம். முதல் பட்டியலில், பி.டி. உஷாவைப் பள்ளிச் சிறுமியாகக் கண்டெடுத்து, லாஸ் ஏஞ்சல்ஸில் வெண்கலத்துக்கு நூறில் ஒரு விநாடி தூரம் வரைக்கும் கொண்டுபோன நம்பியார் இருந்தார், பொருத்தமான ஆள். பெயர்தான் உறுத்துகிறது. அரண்மனைப் பிள்ளை முதலிடத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக, ஃபீஸ் கட்டாமல் தானாகக் கற்றுக்கொண்ட காட்டுப் பிள்ளையின் கட்டைவிரலை வாங்கியவர் அந்தத் துரோணர். செலக்‌ஷன் கமிட்டிகள் அந்த மரபை இன்றுவரை கைவிட்டதாகத் தெரியவில்லை.

நார்வேயில் பிள்ளை 11 வயதை எட்டும் வரை போட்டி முடிவுப் பட்டியலும் தரவரிசையும் வெளியிடக்கூடாது. 13 ஆகும் வரை தேசியச் சாம்பியன்ஷிப் கிடையாது. பிள்ளைகளின் விளையாட்டு உரிமை என்று விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். சென்னை மாநகராட்சி அளவுக்குக்கூட மக்கள்தொகை இல்லாத அந்த நாடு 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் அள்ளியது. இங்கே எட்டு வயதுக்கு உட்பட்டோருக்கே அகில இந்தியக் கோப்பை நடக்கிறது, ஸ்பான்சர் வேறு.

முன்னே சொன்ன ஸ்மித்தும் ஸ்மோலும் பின்னாளில் கோச்சுகளுக்குச் சில மணி நேர வகுப்பு ஒன்று நடத்தினார்கள். தவறு செய்தவனைத் திட்டாதே, தைரியம் சொல், சரியாகச் செய்வது எப்படி என்று காட்டு, முயற்சியைப் பாராட்டு. அவ்வளவுதான். வகுப்புக்கு வந்தவர்களின் அணிகள் மற்ற அணிகளைவிடக் கூடுதலாக ஜெயிக்கவில்லை, கூடுதலாகத் தோற்கவும் இல்லை. 1992இல் வெளியான கணக்கு வேறொன்றைக் காட்டியது. வகுப்புக்கு வந்த கோச்சுகளிடம் ஆடிய பிள்ளைகளில் 5 சதவீதம் பேர் அடுத்த சீசனுக்கு வரவில்லை. வராத கோச்சுகளிடம் அது 26 சதவீதம்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு அந்த ஃப்ளெக்ஸ் அகாடமிக்குள் போனேன். ரிசப்ஷனில் இருந்த தம்பியிடம், போன வருஷம் சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் இந்த வருஷமும் வருகிறார்கள் என்று கேட்டேன். இந்தக் கேள்வியை அதற்கு முன் எவரும் கேட்டதில்லை போலிருக்கிறது. உள்ளே போய்க் கோச்சைக் கேட்டுவிட்டு வந்தார்.

"பழைய பசங்க கணக்கு நாங்க வெச்சிக்கறதில்ல சார். அவங்க நின்னுட்டாதான் புது அட்மிஷனுக்கு இடம் கிடைக்கும். ஃபீஸ் இப்பவே கட்டிட்டா ஜெர்சி ஃப்ரீ. பையனுக்கு என்ன வயசு போடட்டும்?"